சும்மா இருத்தலும் சோம்பியிருத்தலும்

சைவ நூற்பயிற்சி உடையார் பலர் நாவிலும் அடிக்கடி வழங்கும் தொடர்களுள் 'சும்மா இருத்தல்' என்பதும் ஒன்று. அருணகிரிநாதரும் தாயுமான அடிகளும் இதனைத் தம் அநுபவத்தின் முடிநிலையாக வைத்து ஓதியருளினர். அவர்கள் ஓதிய பொருள் ஒன்று. இந்நாளில் அதனை எடுத்தாள்வோரிற் பலர் கொள்ளும் பொருள் வேறொன்று. 'கடமைகளெல்லாம் முடிந்தன, இனிச் சும்மா இருப்பதே தக்கது' என்று திண்ணையிற் சாய்வாரும், 'ஞானநூல் ஓதினார்க்குச் செயலும் வேண்டுமோ' என்று திருத்தொண்டினின்றும் ஒதுங்குவாரும் அப்பெரியோர் திருவாக்கையே தமக்குத் துணையாக்கிக் கொள்கின்றனர். சும்மா இருத்தலும் சோம்பியிருத்தலும் ஒன்றோ, வேறோ, வேறாயின் அவ்வேறுபாட்டை அறியும் வாயில் யாது என்பவற்றை மெய்கண்ட நூல்களின் வழிநின்று ஆராய்தலே யாம் ஈண்டு மேற்கொண்டது.

இவ்வாராய்ச்சி வேண்டப்பட்டமை

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. தமிழ்நாட்டின் வடமேற்கெல்லையில், கன்னட நாட்டை அடுத்து நிற்பது ஓசூர். மரகதாம்பிகை உடனாய சந்திரசூடேசுவரர் மலைமேல் எழுந்தருளியிருக்கும் பதி அது. 1971-ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் என்னும் அரசு நிறுவனம் அங்கே தொழிற்பேட்டை அமைத்த பின்னர் அவ்வூரின் நிலை முற்றும் மாறியது. 1980-ஆம் ஆண்டை ஒட்டி அசோக் லேலண்டு நிறுவனத்தாரின் சரக்கு வண்டிகளும், டி.வி.எஸ். நிறுவனத்தாரின் சிறு மோட்டார் வண்டிகளும் அங்கே செய்யப்படலாயின. 1984-இல் தொடங்கப்பெற்ற டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரங்களும் சில ஆண்டுகளில் அங்கிருந்து வெளிவந்தன. 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று.

அத்தொழிற்சாலைகளுக்கு 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருபது அகவை இளைஞராய் வந்து சேர்ந்தவர் இப்பொழுது அறுபதை அடைந்தும் கடந்தும் நிற்கின்றனர். ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் ஆலைச் சங்கின் ஒலிக்கு எழுந்து, ஷிப்டு என்று அவர்கள் வழங்கும் முறைவேலையில் இரவைப் பகலாக்கி உழைத்தவர் ஒரு நாள் மாலையும் பொன்னாடையும் பெற்று வீடு திரும்புகின்றனர். மறுநாள் விடியலில் வழக்கம்போல் விழிப்பு வருகின்றது. செல்லுதற்கு இடம் இல்லை. உடம்பில் வலி இன்னும் உளது. கையில் தொழிற்றிறன் உளது. நாளை நிரப்புதற்குக் குறிக்கோள் ஒன்றில்லை. வெறுமை பொறாது சிலர் கைப்பேசியிலும், சிலர் வம்பிலும், சிலர் மதுவிலும் பொழுதை இழக்கின்றனர்.

இவருட் சிவநேயம் உடையார் மடங்களையும் புலவர்களையும் அணுகி, 'இனி எமக்கு யாது நெறி' என்று வினவுங்கால், 'உழைத்தது போதும். இனிச் சும்மா இரும்' என்னும் விடை எளிதிற் கிடைத்துவிடுகின்றது. அவ்விடை சித்தாந்தமே ஆயின் யாம் வாளா அமைவோம். சித்தாந்தம் அன்றாயின், நூலின் பெயரால் ஓர் உயிரை இருளிற் செலுத்திய பிழை அவ்விடை கூறுவாரைச் சாரும். ஆதலின் இதனை ஊன்றி நோக்குதல் வேண்டும்.

செயலின்மை இருவகைத்து

உயிர்க்கு நிலைகள் கேவலம், சகலம், சுத்தம் என மூன்றென்பது நம் ஆசிரியர் துணிபு. கேவலமாவது, உடம்பும் கருவியும் உலகும் பெறாது, ஆணவ மலத்தால் விழுங்கப்பட்டு உயிர் கிடக்கும் நிலை. இச்சை, ஞானம், கிரியை என்னும் ஆற்றல் மூன்றும் அங்கே உயிர்க்கு இல்லாதன அல்ல; உளவாயினும் மறைப்புண்டு தொழிற்படாதன. இருளில் அகப்பட்ட கண் குருடன்று; ஆயினும் ஒன்றையும் காணாது. அதுபோலக் கொள்க.

சகலமாவது, அவ்வுயிர்க்கு இரங்கிய இறைவன் மாயையினின்றும் தநு, கரணம், புவனம், போகங்களைக் கூட்டி, இருளில் விளக்கேற்றியாங்குச் சிறிதே விளக்கந் தரும் நிலை. இங்கே அறிஞர் உற்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. வித்தியா தத்துவங்களின் வைப்பிற் கலை என்பது ஆணவ மறைப்பை ஒருசிறிது நீக்கி உயிரின் கிரியாசத்தியை எழுப்புவது. அதனை அடுத்தே வித்தை அறிவையும், அராகம் விழைவையும் எழுப்புகின்றன. இருளிற் கிடந்த உயிரை எழுப்பப் புகுந்த திருவருள், செயலாற்றலைத் தொட்டே தொடங்கிற்று என்பது இதனாற் பெறப்படும். செயல் என்பது உயிரின்மேல் ஏற்றப்பட்ட தண்டனை அன்று. அதன் விடுதலையின் முதற்படி. பெற்ற கையையும் காலையும் காரணமின்றி வறிதே மடக்கிவைத்தல், ஏற்றித் தந்த விளக்கை ஊதி அணைத்தலோடு ஒக்கும்.

சுத்தமாவது, மலத்தின் வலி ஒடுங்கித் திருவருளில் அடங்கி நிற்கும் நிலை. அங்கே 'யான் செய்கின்றேன்' என்னும் முனைப்பு இல்லை. அருளே உயிரை இயக்க, உயிர் அதற்கு இசைந்து நிற்கின்றது. இதனையே பெரியோர் சும்மா இருத்தல் என்றனர்.

இனி ஒப்பு நோக்குக. கேவலத்திலும் உயிர்க்குத் தற்செயல் இல்லை. சுத்தத்திலும் தற்செயல் இல்லை. புறத்தே நின்று காண்பார்க்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். நள்ளிரவில் எண்ணெயற்ற அகலும் ஒளிவிடாது. நண்பகலில் ஞாயிற்றின் முன் ஏற்றிய அகலும் தன்னொளி தோன்றாது. ஒளி தோன்றாமை ஒன்றே கொண்டு இரண்டனையும் ஒன்றென்பார் உளரோ? முன்னது இருளில் முழுகியது; பின்னது பேரொளியில் அடங்கியது. சோம்பல் கேவலத்தின் சாயை. சும்மா இருத்தல் சுத்தத்தின் பயன். இதுவே இவ்விரண்டற்கும் உள்ள வேறுபாடு.

அறியும் வாயில் யாதெனின், கூறுதும். சோம்பியிருப்பான்பாற் செயல் நீங்கியது, 'யான்' நீங்கவில்லை. உண்கலம் வரச் சிறிது தாழ்ப்பின் அவனுக்குச் சினம் எழுகின்றது. தன் பழம்பெருமையைக் கேளாதார் மேற் பகை எழுகின்றது. பிறர் வாழ்வு கண்டவழி மனம் புழுங்குகின்றது. கை ஓய்ந்தது, உள்ளம் ஓடிக்கொண்டே இருக்கின்றது. சும்மா இருப்பார்பால் 'யான்' நீங்கியது. செயல் நீங்குதல் வேண்டுவதன்று. அவர் கை ஓயாதாயினும் உள்ளம் ஓய்ந்திருக்கும்.

இறைபணி நிற்றல்

மேற்கூறியது எம் கருத்தளவாய் நிற்பதன்று. சிவஞானபோதத்துப் பத்தாஞ் சூத்திரம் பாசநீக்கம் உரைப்பது. ஆண்டு ஆசிரியர் இறைவனோடு ஒன்றாய் நிற்றல் ஒன்றனையே கூறி அமையாது, இறைபணியின் நிற்றலையும் உடன் வைத்து, அவ்விரண்டானும் மலமும் மாயையும் வினையும் அகலும் என்றார். ஒன்றாதல் மட்டும் போதுமாயின் பணியைக் கூறவேண்டுவதில்லை. அருளின் வழியன்றித் தான் ஒன்றும் செய்யானாகவே புதுவினை புகாது என்பது அப்பணிநிலையின் கருத்து. 'ஒன்றும் செய்யான்' என்று மாத்திரம் அவர் கூறினாரல்லர். 'அருளின் வழியன்றி' என்னும் அடையோடே கூறினார். அவ்வடையை விடுத்து எஞ்சியதை மட்டும் பற்றுவார்க்கே சோம்பல் ஞானமாய்த் தோன்றும்.

பன்னிரண்டாஞ் சூத்திரமும் நோக்கற்பாலது. மலங்களைந்து அன்பரோடு கூடிய ஞானியர்க்கும் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனெனவே கண்டு தொழுதல் அங்கே விதிக்கப்பட்டது. நூலின் இறுதிச் சூத்திரம் ஞானியைத் தனியே குகையில் இருத்தவில்லை. அடியார் நடுவிலும் கோயிலிலும் கொண்டுவந்து நிறுத்திற்று. சரியை, கிரியை, யோகம் என்பன ஞானத்திற்குப் படிகளாம் என்பதை மறுப்பாரில்லை. மேனிலை எய்தியவன் கீழ்ப்படிகளை இடித்தெறிவானாயின் பின்வருவார் ஏறுவது யாங்ஙனம்?

இன்னும், நாம் வழிபடும் பரம்பொருள் ஐந்தொழிலை இடையறாது இயற்றும் பெருமான். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் அவை அவனது திருக்கூத்தில் விளங்குமாற்றை உண்மை விளக்கம் உணர்த்தும். ஞாயிற்றின் முன்னிலையிற் றாமரை மலர்வது போல அவன் சந்நிதியில் எல்லாம் நிகழ்கின்றன. அவனுக்கோ விகாரம் இல்லை. இயங்கியும் அசையாதிருப்பது இறைவன் இயல்பு. அவனோடு ஒன்றிய உயிரும் அவ்வியல்பைத் தலைப்படுதலன்றி, கல்லின் இயல்பைத் தலைப்படுமாறில்லை.

தடையும் விடையும்

அஃதேல், வினையே பிறவிக்கு வித்தாகலின் செயல் ஒழிந்தவழி வினையும் ஒழியாதோ எனின், ஒழியாது. வினை மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் ஈட்டப்படுவது. காயத்தை மட்டும் கட்டிலிற் கிடத்தி மனத்தையும் வாக்கையும் அவிழ்த்துவிடுவான், ஒரு வாயிலை அடைத்து இருவாயில்களைத் திறந்தவனாவன். இருவினையொப்பாவது இருவினைகளின் பயன்களிலும் விருப்பு வெறுப்பின்றி ஒப்ப நிற்றல். இருவினைக்கும் அஞ்சிப் படுத்துறங்குதல் அன்று.

மூப்பு வந்தார்க்கு ஓய்வு வேண்டாவோ எனின், நோயுற்றார்க்கும் தளர்ந்தார்க்கும் உடம்பு வேண்டும் ஓய்வை யாம் மறுத்திலேம். உறக்கமும் இறைவன் தந்ததே. அன்றியும், உழைக்க விழைந்தும் வேலை கிடையாது வருந்தும் இளைஞரைச் சோம்பர் என்பது பெரும் பாவமாம். இயன்றவர் இயன்ற அளவும் செய்யாமையையே யாம் கடிகின்றேம். திருநாவுக்கரசு சுவாமிகள் எண்பத்தோராண்டு வாழ்ந்தனர் என்பது மரபு. கயிலை காணும் வேட்கையாற் சென்று, நடந்த கால் தேயக் கையால் ஊர்ந்தும், கையும் தேய மார்பால் நகர்ந்தும், அதுவும் ஒல்லாதவழிப் புரண்டும் சென்ற திருமேனி அது. அதன் பின்னரும் அவர் கையில் உழவாரம் இருந்தது. திருப்புகலூரிற் புல் செதுக்குங்கால் பொன்னும் நவமணியும் உழவாரம் நுழைந்த இடமெல்லாம் மிளிர, அவற்றைப் பருக்கைக் கல்லோடு ஒப்பக் கருதிக் குளத்தில் எறிந்தனர். கூலி கண்முன் கிடந்தும் அவர் பணியே செய்தார். முதுமை வந்துற்றும் பணியே செய்தார். அதனினும் மேலான சும்மா இருத்தலை யாம் அறியேம்.

உறுப்புக் குறையுடையார் யாது செய்வர் எனின், தண்டியடிகளை நினைக. திருவாரூர்த் திருக்குளம் தூர்ந்து குறைதல் பொறாது, பிறவியிலேயே கண்ணிலாத அப்பெரியார் கரையிலும் குழியிலும் தறி நட்டு இடையே கயிறு கட்டி, அதனைத் தடவிச் சென்று மண்ணகழ்ந்து கூடையிற் சுமந்தார். எள்ளுவார் எள்ளினர், கூடை நிற்கவில்லை.

இனி, திருக்கோயிற் பணி சிவப்பணியாகலாம். ஆலையிற் கூலிக்குத் திருகு முடுக்கியதும் அச்சு வார்த்ததும் யாங்ஙனம் சிவப்பணியாம் என வினவுவார் உளர். திருத்தொண்டர் புராணத்தை ஓதுவார் இவ்வினாவை எழுப்பார். திருநீலகண்டர் குயவர், அடியார்க்குத் திருவோடு வனைந்தளித்தார். திருக்குறிப்புத் தொண்டர் வண்ணார். அடியாரின் ஆடை வெளுத்தார். நேசர் சாலியர், உள்ளம் திருவடியிலும் நா ஐந்தெழுத்திலும் நிற்க, கை தறியில் நின்றது. இவருள் ஒருவரும் தொழிலை விட்டு நாயன்மார் ஆயினாரல்லர்; தொழிலில் நின்றே ஆயினர். கூலி பெறுதல் குற்றமன்று. பெற்ற கூலியோடு கருத்தும் நின்றுவிடுதலே குறை.

எல்லைக்கு அப்பாலொரு சான்று

ஓசூரினின்றும் சில கல் தொலைவிற் கன்னட நாடு தொடங்குகின்றது. அந்நாட்டு வீரசைவர் இப்பொருளை நெடிது சிந்தித்துளர். அவர் கொள்கை முழுவதும் நமக்கு உடம்பாடன்று. ஆயினும் துறைமங்கலம் சிவப்பிரகாச அடிகள் கன்னடப் பிரபுலிங்க லீலையைத் தமிழிற் பாடித் தந்த நாள் முதல் அவர் பெரியோர் நமக்கும் அயலார் அல்லர். பன்னிரண்டாம் நூற்றாண்டிற் கலியாண நகரத்திற் பசவர் காலத்தே திரண்ட அடியார் கூட்டம் 'காயகம்' என்னும் கோட்பாட்டைப் போற்றிற்று. ஒவ்வொருவரும் நேர்மையான தொழிலொன்றைச் சிவனுக்குரியதாக இயற்றி, அதன் வருவாயை அடியார்க்குப் பகிர்ந்துண்ணல் வேண்டும் என்பது அதன் கருத்து.

அக்கூட்டத்துள் ஆய்தக்கி மாரய்யர் என்பார் ஒருவர். சிந்திக் கிடக்கும் அரிசியைப் பொறுக்கிவந்து, அதனைக் கொண்டு அடியார்க்கு அமுதளித்தலே அவர் தொழில். அக்கி என்பது கன்னடத்தில் அரிசி. ஒருநாள் அவர் வழக்கத்தின் மிக்க அரிசி கொணர்ந்தபொழுது, அவர் மனைவியார் இலக்கம்மையார், 'வேண்டிய அளவின் மிக்கது ஆசையாம்' என்று கடிந்து, மிகுதியை மீளக் கொண்டுபோய் இடச்செய்தனர் என்ப. பிறிதொருகால் மாரய்யர் அநுபவ மண்டபத்துப் பெரியோரோடு ஞானவுரையாடலில் ஈடுபட்டுத் தம்மை மறந்திருந்தார். அம்மையார் அங்கே அவருக்கு நினைவூட்டியது, அவர்தம் காயகம் நின்றுபோயிற்று என்பதே. சொற்பொருள் ஆராயும் நம்மனோர் இவ்விடத்துச் சிறிது நின்று நினைத்தல் நலம். ஞானம் பேசுதலும் சோம்பலின் ஒரு வேடமாகலாம் என்பதை எழுத்தறிவின் செருக்கில்லாத அவ்வம்மையார் கண்டுகொண்டனர்.

மறுதலையாய ஒரு பிழையும் உண்டு; அதனையும் அப்பிரபுலிங்க லீலையே காட்டும். சித்தராமர் என்பார் ஆயிரக்கணக்கான தொண்டரோடு குளங்களும் கோயில்களும் எடுத்த பெருந்தொழிலாளர். அல்லமப் பிரபு அங்கே எழுந்தருளி, மண்வெட்டும் ஒட்டன் எங்கே என வினவி அவரை இகழ்வார்போல் இடித்துரைத்தார். குளம் வெட்டியது பிழையோ எனின், அன்று. 'யான் வெட்டினேன்' என்பதே பிழை. ஓயாது உழன்று, 'நானின்றி யாதும் நடவாது' என்று எண்ணுவானும் ஆணவத்தின் வாய்ப்பட்டவனே. செயலைத் துறந்து 'யானை' வைத்துக்கொள்வான் சோம்பன். செயலோடு 'யானை'யும் வளர்ப்பான் செருக்கன். இருவருக்கும் இடையே 'யானை' விட்டுச் செயலைக் கொள்ளும் நெறியே இறைபணி.

பயன் கூறல்

இங்ஙனமாகலின், தொழிற்சாலையினின்றும் ஓய்வுபெற்று வரும் அன்பர்க்கு நாம் கூறற்பாலது 'சும்மா இரும்' என்பதன்று. 'இதுகாறும் நிறுவனத்தின் பணி செய்தீர். இனி, கூலியும் மேலாளரும் இல்லாத பணியைச் செய்யும்' என்பதே. இயந்திரத்தின் ஒலி கேட்டே அதன் குறையை உணர்ந்த செவி வீணே போதல் தகாது. இரும்பை மயிரிழையும் பிறழாது கடைந்த கை, தொழில் பயிலும் ஏழைப் பிள்ளைகளுக்கு வழிகாட்டலாம். ஊர்க் கோயிலின் மணியும், நீரேற்றும் பொறியும், தேரின் அச்சும் அக்கையை எதிர்நோக்கி நிற்கின்றன. மலைப்படிகளில் முளைக்கும் புல்லுக்கு உழவாரம் வேண்டும். ஓசூர் நடுவில் உள்ள இராமநாயக்கன் ஏரியை ஒத்த நீர்நிலைகளின் கரையிற் குப்பை நீக்குதலும் தண்டியடிகள் சென்ற நெறியே. சந்திரசூடேசுவரர் தேர்த் திருவிழாவில் தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் ஒருங்கே வடம் பிடிக்கின்றனர். வடம் பிடிக்கும் வலியில்லாதார் இழுப்பார்க்குத் தண்ணீர் கொடுக்கலாம். அதற்கும் இயலாதார் அமர்ந்தவண்ணம் ஐந்தெழுத்து ஓதலாம். தேர் நகர்வதில் அதற்கும் பங்குண்டு.

வீட்டினுள்ளும் பணி உளது. நாற்பதாண்டும் அவர் ஷிப்டு நேரத்திற்கு ஏற்ப நள்ளிரவிலும் விடியலிலும் எழுந்து சமைத்த இல்லாளுக்கு ஓய்வு நாளென்று எவரும் மாலையிட்டதில்லை. அவ்வம்மையாரின் சுமையிற் பாதியைத் தாம் ஏற்றல், ஓய்வுபெற்றார் செய்யத்தக்க முதற்றொண்டாம். அடியார் சேவையை அயலிடத்துத் தேடுவார் தம் அடுக்களையிலிருந்து தொடங்குவது தவறன்று.

மடங்களைச் சார்ந்தார்க்கும் இதிற் கடமை உண்டு. பணிசெய்ய வருவாரை வணங்கிச் செல்லும் கூட்டமாக மட்டும் கருதாது, இன்னார்க்கு இன்ன தொண்டு என்று வகுத்துக் கொடுத்தல் வேண்டும். மாலையில் ஒரு நாழிகை சித்தாந்த பாடமும், காலையில் ஒரு நாழிகை கைத்தொண்டும் என அமைப்பின், ஓதியது உடம்பிற் படியும். உடம்பு செய்தது உணர்விற் படியும். பாடம் மட்டும் நிகழ்ந்து தொண்டு நிகழாத இடத்தில் இலக்கம்மையாரின் சொல் நம்மையும் நோக்கியதேயாம்.

இதுகாறும் கூறியவாற்றால், சோம்பியிருத்தல் ஆணவ இருளின் சாயை என்பதூஉம், சும்மா இருத்தல் 'யான்' கழன்று அருள்வழிச் செயல் நிகழும் நிலை என்பதூஉம், இறுதிமூச்சு வரை இறைபணி வழுவாது நிற்றலே அந்நிலைக்கு வாயில் என்பதூஉம் இனிது விளங்கும். கைகள் உள்ளளவும் பணி உளது. பணி உள்ளளவும் அருளுக்கு நம்பால் இடம் உளது என்க.

திருச்சிற்றம்பலம்.